நெஞ்செலும்பு கூடும் வரை

நெஞ்செலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம், நன்றாக இறுக மூன்று மாதம் ஆகும் என்று, இதய வால்வு மாற்றிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நடுவே அறுத்த எலும்பை எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அது கூடும் வரை தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, பேத்தியைத் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது. கையை ஊன்றாமல் ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும்.

இது உடம்புக்கான கணக்கு. மனசு எப்படித் தேறுகிறது என்பதைக் கேட்டதும் படித்ததும் பட்டதுமாக இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து அடுத்து வால்வு ஆபரேஷனுக்குப் போகிறவர் யாராவது வாங்கிப் படிக்கட்டும்.

*

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சியில் ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் தெருவே வந்து பார்க்கும். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ஒரு நாற்காலி, அரை மணி நேரம். "தைரியமா இருங்க அண்ணாச்சி, ஒண்ணும் கவலப்படாதிய." அந்த அன்பு எனக்கு வேண்டும். வராமல் இருந்திருந்தால் ஏங்கிப் போயிருப்பேன். ஆனால் தைரியமாக இரு என்று ஒருவர் சொன்ன மறு நிமிடம், என் பயத்தை அவரிடமிருந்து மறைக்கிற வேலையும் என் தலையில் சேர்ந்துகொள்கிறது. சிரிக்கிறேன். அவர் போன பிறகு களைத்துப்போய்ப் படுக்கிறேன்.

எதிர்த்த வீட்டு ஆச்சி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. திண்ணையில் இருந்தபடியே கேட்பாள்.

"நேத்து எது வரைக்கும் நடந்த?"

"பிள்ளையார் கோயில் வரைக்கும் ஆச்சி."

"இன்னைக்கு அதுக்கு மேல நாலு வீடு போயிட்டு வா. மூச்சு வாங்குச்சுன்னா அங்கனயே உக்காந்துக்கிடு."

அவ்வளவுதான். நாளைக்கும் கேட்பாள் என்பதற்காகவே நான் நடந்தேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: பதில் சொல்லக் கூடிய சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். இதே ஆபரேஷனில் இறந்துபோன உறவுக்காரர் கதையைத் திரும்பிப் போகிற வழியில் பேசிக்கொள்ளுங்கள்.

*

எனக்குக் கெட்டுப்போனது மைட்ரல் வால்வு. நுரையீரலில் சுத்தமாகி வரும் ரத்தம் இடது மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்குகிற வாசல் அது. எங்கள் ஊர்ப் பாசனக் கால்வாயான கன்னடியன் காலில் ஒரு மதகின் இரும்புப் பலகை துருப்பிடித்துப் பாதிக்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கீழே வயல் காயும். மேலே தண்ணீர் தேங்கி ஏறும். என் நெஞ்சிலும் அதுதான் நடந்திருக்கிறது. தேங்கியது நுரையீரலில். படி ஏறினால் மூச்சு, மல்லாக்கப் படுத்தால் மூச்சு, கடைசியில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூக்கம்.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து இதைக் காட்டினார். அந்தப் படம் எனக்குள் செய்த வேலையை எந்த ஆறுதலும் செய்யவில்லை. என்ன கெட்டிருக்கிறது, என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பயத்துக்கு ஓர் எல்லை கிடைத்தது. அதற்கு முன்பு அது உடம்பு முழுக்கப் பரவியிருந்தது.

*

ஐசியூ பற்றிச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய. எனக்குக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. இறந்துபோன எங்கள் அத்தை வந்து கால்மாட்டில் உட்கார்ந்து பாக்கு வெட்டினாள். நர்ஸ் என்னை எங்கேயோ கடத்திக்கொண்டு போகிறார் என்று நினைத்துக் கத்தியிருக்கிறேன். புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து யாரிடமும் பேசவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர், தென்காசிக்காரர், தானாகவே சொன்னார்: அவருக்குச் சுவர் முழுக்க எறும்பு ஊர்ந்ததாம். இருவரும் சேர்ந்து நர்சிடம் கேட்டோம். மயக்க மருந்து, தூக்கமில்லாமை, இரவா பகலா என்று தெரியாத வெளிச்சம், பெரிய அறுவையின் வீக்கம் எல்லாம் சேர்ந்து இப்படி ஒரு குழப்பம் பலருக்கு வரும், பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும் என்றார்.

போகும் முன்பே இதைத் தெரிந்துகொண்டு போங்கள். வீட்டாரும் தெரிந்துகொள்ளட்டும். அப்பா ஏதோ உளறுகிறாரே என்று என் மகள் கழிப்பறையில் போய் அழுதிருக்கிறாள்.

*

அந்தச் சில மணி நேரம் இதயத்தை நிறுத்திவைத்து, உடம்புக்கு வெளியே ஒரு இயந்திரம் இதயமும் நுரையீரலுமாக வேலை செய்திருக்கிறது. அந்த மாதிரி இயந்திரத்தை உருவாக்கியவர் ஜான் கிப்பன் என்ற அமெரிக்க டாக்டர். இளம் வயதில் ஒரு பெண் நோயாளியின் கட்டிலருகே இரவு முழுதும் விழித்திருந்து, நுரையீரலுக்குப் போகும் குழாயை அடைத்த ரத்தக் கட்டியால் அவள் சாவதைப் பார்த்தவர். அந்த இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப முடிந்தால் என்று அன்றைக்கு நினைத்ததை, தன் மனைவி மேரியையும் உதவிக்கு வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் செய்து பார்த்தார். 1953 மே 6ஆம் தேதி, ஃபிலடெல்ஃபியாவில், 18 வயதுப் பெண் ஒருத்திக்கு அந்த இயந்திரத்தை வைத்து அறுவை செய்தார். அவள் பிழைத்தாள்.

தூக்கம் வராத இரவுகளில் கிப்பனை நினைத்துக்கொள்வேன். நான் உயிரோடு இருப்பதற்கு, என்னை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் கண்விழித்திருக்கிறார்.

*

அழுகை. இதைத்தான் பெரிதாக எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் காரணமே இல்லாமல் கண் நிறைந்தது. திருநெல்வேலி வானொலியில் காலை நாகஸ்வரம் ஒலித்தால் அழுகை. மனைவி காபியை ஆற்றிக் கொடுத்தால் அழுகை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, மூச்சு சீராகிவிட்டது, பிறகு எதற்கு? நன்றி கெட்டவனாக இருக்கிறேனே என்ற குற்ற உணர்ச்சி வேறு. பசியில்லை. பேப்பரில் ஒரே பாராவை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை.

சோதனைக்குப் போனபோது கேட்டேன். இதய அறுவைக்குப் பிறகு இது மிகவும் சாதாரணம் என்றார் டாக்டர். ரத்தச் சோகை, வலி, தூக்கக் கேடு, உடம்பு முழுக்க அறுவை கிளப்பிய வீக்கம், சாவை அருகில் பார்த்துவிட்டு வந்த அதிர்ச்சி எல்லாம் சேர்ந்து வருவது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், இரண்டு மூன்று மாதத்துக்குள் வடிந்துவிடும். ஞாபகமும் திரும்பும். இன்னொன்றையும் சொன்னார். இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, இருந்து என்ன பயன் என்று ஒரே ஒரு நாள் தோன்றினாலோ உடனே சொல்ல வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது. மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் நடக்கத் தோன்றாது, மாத்திரை சாப்பிடத் தோன்றாது, அதனால் இதயமும் தேறாது.

14416 என்ற எண்ணை அட்டையில் எழுதி வீட்டில் ஒட்டியிருக்கிறேன். டெலி மானஸ் என்று 2022இல் அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண். தமிழில் பேசலாம். ஆண்கள் இந்த எண்ணில் கூப்பிட வெட்கப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். நெஞ்சைத் திறந்து காட்டிய பிறகு வெட்கம் எதற்கு?

*

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூணு பந்து மெஷின். உறிஞ்சி இழுத்தால் பந்துகள் மேலே எழும். முதல் நாள் ஒன்று கூட அசையவில்லை. மூன்றும் எழுந்த அன்று பேத்தி கைதட்டினாள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டி நிமோனியா வராமலிருக்க இது. கை வேலையாக ஒன்று இருப்பது மனசுக்கும் நல்லது.

*

எனக்குள் இருப்பது சித்ரா வால்வு. அதன் கதையை எங்கள் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது.

ஒரே மலை. இந்தப் பக்கம் இறங்கினால் தாமிரபரணி, அந்தப் பக்கம் இறங்கினால் நெய்யாறும் கரமனையாறும். அந்தப் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1970களில் இயக்குநராக வந்து சேர்ந்தார் எம். எஸ். வலியத்தான். மாவேலிக்கரைக்காரர், இதய அறுவை நிபுணர். தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட ஏழைகள் வந்துகொண்டே இருந்தார்கள். வெளிநாட்டு வால்வை வாங்க அவர்களிடம் பணமில்லை. வால்வு கைக்கு வராமல் அறுவைத் திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாமே செய்வோம் என்று இறங்கினார். பூஜப்புரையில் அரச குடும்பம் கொடுத்த சாட்டல்மண்ட் அரண்மனையில் பொறியாளர்களும் டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றில் நீலமணிப் படிகத்தால் தகடு செய்தார்கள். அவ்வளவு கெட்டியான பொருள் தேயாது என்று எண்ணம். அது தேயவில்லை, தன்னைத் தாங்கி நின்ற டைட்டேனியத்தைத் தேய்த்தது. ஒவ்வொரு தோல்விக்கும் வருஷக் கணக்கில் வேலை போயிருக்கிறது. நாலாவது மாதிரியில் குரோமியம் கோபால்ட் கலந்த உலோகக் கூடு, அதற்குள் சாய்ந்து திறந்து மூடுகிற பிளாஸ்டிக் தகடு, சுற்றிலும் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையம். நீலமணி தோற்ற இடத்தில் பிளாஸ்டிக் நின்றது. 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் மனிதருக்கு வைத்தார்கள். பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நெஞ்சுகளில் அதை வைத்திருக்கிறார்கள். வலியத்தான் 2024 ஜூலையில், தொண்ணூறு வயதில் காலமானார்.

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அந்த ஒரு லட்சத்துக்கும் அந்தத் தகடு ஈடு கொடுக்க வேண்டும். தாங்குமா, நின்றுவிடுமா என்ற பயம் ராத்திரியில் வரும்போது, மூன்று தடவை தோற்ற பிறகும் நாலாவதைச் செய்த அந்த ஆட்களை நினைப்பேன். பயம் முழுசாகப் போவதில்லை. தூங்குகிற அளவுக்குக் குறைகிறது.

என்னுடையது சத்தம் குறைந்த வகை. கார்பன் இதழ் வைத்த வால்வுக்காரர்கள் சிலருக்கு ராத்திரி அமைதியில் டிக் டிக் என்று நன்றாகக் கேட்குமாம். அம்பாசமுத்திரத்தில் ஒரு அம்மா சொன்னார்: "மொதல்ல தூக்கம் கெட்டுச்சு. இப்பம் கேக்கலைன்னாதான் பயம்."

*

கூட்டாஞ்சோறு. திருநெல்வேலிக்காரனிடம் அதில் போடும் முருங்கைக்கீரையைத் தொடாதே என்றால் அவன் எப்படி மனசைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வான்?

உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அந்த மாத்திரை வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. கீரையில், அதிலும் முருங்கைக்கீரையில், வைட்டமின் கே ஏராளம். ஒரு நாள் ஆசைக்கு நிறையச் சாப்பிட்டால் மருந்தின் வேகம் குறையும். வழக்கமாகச் சாப்பிட்டதை அடியோடு நிறுத்தினால் கூடும். அதனால் பலர் பயந்து கீரையையே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள், ரத்தப் பரிசோதனை பார்த்து மாத்திரையை அதற்கேற்ப வைக்கிறேன் என்றார் டாக்டர். ஐஎன்ஆர் என்று ஒரு எண் வரும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கூட்டாஞ்சோறு, ஒரு கரண்டி கணக்கு. அன்றைக்கு எனக்குத் திருநாள்.

இந்த மருந்து வந்த வழி விசித்திரம். 1933இல், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவரின் மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. கெட்டுப்போன தீவனம். அவர் ஒரு மாட்டின் உறையாத ரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு பனியில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளர் பல வருஷம் வேலை செய்து தீவனத்திலிருந்த பொருளைப் பிரித்தார். அந்த ஆராய்ச்சியில் பிறந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்து, பிறகு மனிதர்களுக்கு உயிர் மருந்து. 1955இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் கொடுத்தார்கள். என் மாத்திரை அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

மறக்காமல் எழுத வேண்டியவை: மூட்டு வலிக்குக் கடையில் தானாக மாத்திரை வாங்கக் கூடாது, நாட்டு மருந்தானாலும் டாக்டரிடம் சொல்லாமல் கூடாது. பல் பிடுங்கப் போனால் முதலில் வால்வு பற்றிச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். வாயிலிருந்து கிருமி வால்வுக்குப் போய் உட்கார்ந்தால் ஆபத்து.

*

உப்பும் குறைவு. அப்பளத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அப்பளம் இல்லாத சாப்பாடு. தெருவில் காயவைக்கிற வாசனையை முகர்ந்துகொண்டு போகிறேன். எலுமிச்சை, மல்லித்தழை, கொஞ்சம் கூடுதல் மிளகு. நாக்கு பழகிவிட்டது என்று எழுத ஆசை, இன்னும் பழகவில்லை.

*

எக்கோ எடுக்கும் வரிசையில் பார்த்த பெண்ணை மறக்க முடியவில்லை. முக்கூடல் பக்கம், பீடி சுற்றுகிற குடும்பம். கல்யாணமாகி இரண்டு வருஷம். சின்ன வயதில் தொண்டை வலி, பிறகு முட்டி மாறி முட்டி வீக்கம், காய்ச்சல். வாதக் காய்ச்சல் என்று கண்டுபிடித்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டிருக்கிறார்கள்.

"பத்தாங்கிளாஸ் முடிச்சதும் நின்னுபோச்சு அண்ணாச்சி. நல்லாத்தான இருந்தேன். ஊசிக்குப் போனா அன்னைக்குப் பீடி போயிரும்லா."

ஒரு நாள் கூலி. அந்த ஊசி மறுபடி மறுபடி வரும் தொண்டைத் தொற்றைத் தடுக்கிறது. ஒவ்வொரு தொற்றுக்கும் உடம்பு நடத்துகிற எதிர்ப்பில் இதய வால்வும் சேர்ந்து அடிபடும் என்பதால்தான் வருஷக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். எனக்கும் சிறு வயதில் முட்டி வலி இருந்தது. வளர்கிற வலி என்று விளக்கெண்ணெய் தடவினார்கள்.

அவளுக்கு இரண்டு கவலை. எப்போது மறுபடி மடியில் சுளகை எடுத்து வைத்துப் பீடி சுற்றலாம் என்பது ஒன்று. பிள்ளை பெறலாமா என்பது இன்னொன்று. உலோக வால்வுக்கான மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யலாம். மாட்டின் அல்லது பன்றியின் திசுவில் செய்த வால்வு வைத்தால் ஆயுசு முழுக்க அந்த மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் அது பத்துப் பதினைந்து வருஷத்தில், இளவயதினருக்கு அதற்கும் முன்னால் கெட்டு, இன்னொரு ஆபரேஷன் வேண்டிவரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் பணத்துக்கு வழி இருந்தது. இந்த முடிவுக்கு எந்த அட்டை உதவும்? மாமியாரும் கூட இருந்தார். "பிள்ள அப்புறம் பாத்துக்கிடலாம், மொதல்ல நீ நல்லா இருக்கணும்" என்று அந்த அம்மா சொன்னார். அந்தப் பெண் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். நல்லதை நினை என்று நூறு பேர் சொல்லலாம். நல்லதை நினைக்க இடம் கொடுத்தது மாமியாரின் அந்த ஒரு பேச்சு.

*

2023 டிசம்பர் 17, 18இல் எங்கள் பக்கம் வந்த வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் பக்கம் எங்கள் உறவினர், வால்வு மாற்றியவர், மாடியில் மாட்டிக்கொண்டார். கரண்ட் இல்லை, போன் இல்லை. மாத்திரை டப்பா கீழ்வீட்டில் தண்ணீரோடு போய்விட்டது. படகில் வந்த மீனவர் பையன்களிடம் சாப்பாடு கேட்காமல் மாத்திரைச் சீட்டைக் கொடுத்திருக்கிறார். அவர்கள் எங்கிருந்தோ வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது கூடுதலாகப் பத்து நாள் மாத்திரையும் மருந்துச் சீட்டின் நகலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மச்சில் இருக்கின்றன. ஆற்றங்கரைக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்க வேண்டும்.

*

ஆற்றில் குளிக்க இன்னும் விடவில்லை. புண் முழுசாக மூட வேண்டும், கை வீச்சுக்கு எலும்பு தயாராக வேண்டும். படித்துறையில் கால் நனைக்கலாம் என்று அனுமதி.

*

நடை இப்போது கன்னடியன் கால் கரையில். ஒரு கன்னட நாட்டுப் பிரம்மச்சாரி, ஒரு பசு நடந்துபோன வழியே இந்தக் காலை வெட்டினார், அது படுத்த இடத்தில் குளம் தோண்டினார் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. அவசரப்படாமல் நடப்பதற்கு அந்தக் கதை எனக்குத் துணை. நடக்கும்போது கூட வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சுத் திணறினால் வேகம் அதிகம். நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடித்தால், கால் வீங்கினால், திடீரென எடை ஏறினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். காலையில் எடை பார்த்து இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

சில நாள் நேற்றைவிடக் குறைவாகத்தான் நடக்க முடிகிறது. அன்றைக்கு ஆச்சியிடம் அதையும் சொல்லிவிடுகிறேன். "சரி, நாளைக்குப் போ" என்பாள்.

*

தங்கச்சி பேரனுக்கு ஒன்பது வயது. போன மாதம் தொண்டை வலி, பிறகு முட்டி வீங்கியது. விளக்கெண்ணெய் தடவ விடவில்லை நான். சண்டை போட்டு டாக்டரிடம் அனுப்பினேன். எக்கோ எடுத்தார்கள்; வால்வில் லேசான கசிவுதான். பென்சிலின் ஊசி தொடங்கிவிட்டது. ஊசி வலிக்கிறது என்று அழுகிறான். என் ரத்தப் பரிசோதனையையும் அவன் ஊசி நாளுக்கே மாற்றி வைத்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்துக்கு இருவரும் ஒன்றாகப் பஸ்ஸில் போவோம். முதலில் என் கையில் குத்துவார்கள், அவன் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு அவன் முறை. அவனுக்கு இருபத்தொரு வயதாகும் வரையிலாவது இந்த ஊசி தொடர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தனை வருஷமும் கூடப் போவதாக அவனிடம் சொல்லிவிட்டேன்.